துடுப்பின் நீளமா, கதிரின் எண்ணிக்கையா?



அண்மையில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஞெகிழிப் பையில் ஒரு மீனோடு வகுப்பிற்கு வந்தான். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கியதாம். "ஐயா, இது புது இனம், இதன் துடுப்பைப் பாருங்கள்" என்றான். வால் துடுப்பு மணப்பெண்ணின் முந்தானைபோல் பின்னால் தவழ்ந்தது. விற்றவரும் புது இனம் என்று சொல்லித்தான் விலையை உயர்த்தியிருக்கிறார்.

கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் இத்தகைய கெளுத்திகள் அனைத்தையும் நம் நாட்டில் 'பண்டாராயா மீன்' என்கிறோம். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளரை நினைத்து வைத்த பெயர். எனக்குப் பிடித்த பெயர்தான். ஆயினும் ஒரே பெயருக்குள் பல இனங்கள் மறைந்து கிடக்கின்றன. இதில் நம்மை மட்டும் குறை கூறுவதற்கில்லை. 1758-இல் லின்னேயசே இக்குடும்பத்து மீன் ஒன்றை ஸ்டர்ஜன் மீனோடு சேர்த்துப் பெயரிட்டவர்தாம்!

நீளத்தை விட்டுவிட்டு முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணச் சொன்னேன். முன்னால் இருப்பது முள். அதற்குப் பின்னுள்ள மென்கதிர்களே கணக்கு. கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினோம். முதலில் பதினொன்று என்றான். நுனியில் கதிர்கள் கிளைத்திருக்கும், அடியில் எண்ணு என்றேன். ஏழு! ஆறுகளில் பெருகியிருக்கும் டெரிகோப்லிக்திஸ் மீனுக்குப் பெரும்பாலும் பத்தோ அதற்கு மேலோ இருக்கும். மூக்கின்மேல் மீசைபோல் சதைத் தளிர்கள் அரும்பியிருந்தன. ஆகவே இஃது ஆன்சிஸ்ட்ரஸ், அதிலும் ஆண். நீண்ட துடுப்பு தொட்டி வளர்ப்பாளர்கள் தேர்ந்து பெருக்கிய மரபுத் திரிபே தவிர, தனி இனமன்று. கதிர் நீண்டதே ஒழிய எண்ணிக்கை மாறவில்லை.

பையனின் முகம் வாடியது. புது இனம் இல்லையே என்ற ஏமாற்றம்! எனக்கோ மகிழ்ச்சி. வகைப்படுத்துதலைப் பயிற்றி நூலில் அட்டவணையாக மனனம் செய்யவைக்கிறோம். இவன் தன் கையாலேயே ஓர் உயிரை வகைப்படுத்திவிட்டானே. ஒரு தேர்வுத்தாளைவிட இதனை நான் உயர்வாக மதிக்கிறேன்.

அடையாளம் காண்பதால் என்ன பயன் என்பீர்கள். பள்ளி முடிந்து அழைத்துச் செல்ல வந்த தந்தை, "பெரிதாகிவிட்டால் தெலோம் ஆற்றில் விட்டுவிடலாம், ஐயா" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். டெரிகோப்லிக்திஸ் நாற்பது செண்டிமீட்டருக்கும் மேல் வளரும். கரையைக் குடைந்து முட்டையிடும், மண் சரியும். அதன் கவசம் வலையைக் கிழிக்கும். சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் தன்னார்வலர்கள் அதைப் பிடித்து அகற்றுகிறார்கள். வங்காளதேசம் 2023-இல் அதனைத் தடை செய்தது. ஆன்சிஸ்ட்ரஸோ ஏறத்தாழ ஒரு சாண் அளவில் நின்றுவிடும். வீட்டுத் தொட்டியே போதும். ஆற்றில் விட வேண்டிய தேவையே எழாது என்றேன். எந்த இனமாயினும் விடலாகாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். நம் மலைக் குளிரில் அது சாகலாம். பிழைத்தாலோ, தெலோம் நீர் சுரங்கவழியே பெர்த்தாம் ஆற்றுக்கும் ரிங்லெட் நீர்த்தேக்கத்திற்கும் போகிறது. அங்கே போய் யார் எண்ணுவது?

மறுநாள் பையன் தொட்டியில் ஒட்ட ஒரு தாள் எழுதி வந்து காட்டினான்: 'ஆன்சிஸ்ட்ரஸ். ஆண். நீள்துடுப்பு. ஏழு கதிர்.' அதன் கீழே பென்சிலில், 'முள்ளைச் சேர்க்கவில்லை.'