யந்திரத்தின் தலையில் கட்டாதீர்கள்

"கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நெடுநாளையச் சண்டை. பாலம் தாங்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம். அணையின் விரிசல் எதுவரை போகும் என்று கம்ப்யூட்டர் கணித்துவிட்டதாம். இப்போது செயற்கை அறிவு என்று இன்னொன்று வந்து, அதுவும் நாளுக்கு ஒன்றாகக் கண்டுபிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் வேண்டும் என்பது இலக்கணம். அந்த இடத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டு, பெட்டிக்குப் பின்னால் நின்ற மனிதர்களை வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்களே, அதைத்தான் நான் பொறுக்கமாட்டேன் என்கிறேன்.

இதைப் பேச உமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். கல்லூரியில் இரண்டு வருஷம் கணக்கும் பௌதிகமும் படித்தேன். அத்தோடு அந்த உறவு முறிந்தது. ஆனால் நான் கதை எழுதுகிறவன். ஒரு காரியம் நடந்தால் அதைச் செய்தது யார், அவருக்கு அதனால் என்ன ஆயிற்று என்று கேட்பது என் தொழில். சில மாதங்களுக்கு முன்பு இந்த விஷயமாக ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை கொடுத்தேன். அதில் ஏழெட்டு மனிதர்களின் பெயர்கள் இருந்தன. ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "கட்டுரை நன்றாக இருக்கிறது சார். பெயர்கள்தாம் கொஞ்சம் அதிகம், வாசகருக்குச் சுமை. அவற்றை எடுத்துவிட்டு, யந்திரத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிடலாமே?" என்றார். கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அந்தப் பெயர்கள் இங்கே வருகின்றன. வாசகரின் முதுகு அவ்வளவு பலவீனமானது என்று நான் நினைக்கவில்லை.

பல்கலைக்கழகங்களில் கணிப்பு இயக்கவியல் என்று ஓர் ஆராய்ச்சித் துறை உண்டு. பெயர்தான் மிரட்டும். அணை, பாலம், விமான இறக்கை போன்ற ஒன்றின்மேல் பாரம் ஏறினால் எந்த இடத்தில் எவ்வளவு வளையும், எங்கே முறியும் என்று கணக்குப் போடுகிற காரியம் அது. பொருள் முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்க முடியாது. ஆகவே நம் குடியானவர் வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து நீர் பாய்ச்சுகிற மாதிரி, பொருளைச் சின்னஞ்சிறு முக்கோணங்களாகவும் கட்டங்களாகவும் மனத்தால் வெட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே கணக்குப் போடுவது சுலபம். ஆனால் துண்டுகள் சந்திக்கிற முனைகளில் எல்லாக் கணக்குகளும் ஒத்துப்போக வேண்டும். அதற்காக ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒரே சமயத்தில் தீர்க்க வேண்டும். யந்திரம் அங்கேதான் வருகிறது. எங்கே பாத்தியைச் சிறிதாகக் கட்டுவது, எங்கே பெரிதாக விடுவது என்ற பொறுப்பு மனிதனுடையது.

இந்த வித்தைக்கு 1960-ல் 'ஃபைனைட் எலிமெண்ட்' என்று பெயர் வைத்தவர் ரே க்ளஃப். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். 1952 கோடை விடுமுறையில் போயிங் விமானக் கம்பெனிக்கு வேலை செய்யப் போனார். இறக்கை எப்படி வளைகிறது, எப்படி அதிர்கிறது என்பது அங்கே பிரச்னை. அந்த வேலையின் பயனாக 1956-ல் வந்த கட்டுரையில் டர்னர், க்ளஃப், மார்ட்டின், டாப் என்று நான்கு பெயர்கள். ஐரோப்பாவிலும் சும்மா இருக்கவில்லை. ஸ்டுட்கார்ட்டில் ஆர்கிரிஸ், ஸ்வான்ஸியில் ஸீன்கீவிச் என்று பெரிய ஆசான்கள் உண்டு. பெர்க்லியில் க்ளஃபின் மாணவராக வந்தவர் எட்வர்ட் வில்ஸன். குருவின் கருத்தைப் புரோகிராமாக எழுதி யந்திரத்தில் ஓடவைத்த கை அவருடையது. ஆர்கன்ஸா மாநிலத்து நார்ஃபோர்க் அணையில் செங்குத்தாக ஒரு விரிசல். அணை பத்திரமாக இருக்கிறதா என்று கேள்வி வந்தபோது, குருவும் சீடனுமாகக் கணக்குப் போட்டு 1962-ல் லிஸ்பன் மாநாட்டில் வைத்தார்கள். அந்தக் கட்டுரையில் சீடனின் பெயரும் இருந்தது. அது நியாயம்.

எல்லாருக்கும் அந்த நியாயம் கிடைக்கவில்லை.

அதே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 1943 முதல் 2006 வரை நிர்வகித்துவந்த இன்னோர் இடம், லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக்கூடம். அணுகுண்டு செய்த இடம்தான். அங்கே 1950-களில் மேனியாக் என்ற கம்ப்யூட்டர் இருந்தது. என்ரிகோ ஃபெர்மி, ஜான் பாஸ்டா, ஸ்டானிஸ்லா உலாம் மூவருக்கும் ஒரு யோசனை தோன்றிற்று. வரிசையாக 64 துகள்கள். பக்கத்துத் துகளோடு ஸ்பிரிங் வைத்துக் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பிரிங் கொஞ்சம் முரண்டு பிடிக்கிற ஜாதி. இழுத்த அளவுக்கு நேர் விகிதத்தில் நீளாது. தம்புராத் தந்தியை மீட்டுவதுபோல இந்த வரிசைக்கு ஓர் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டால், அந்தச் சக்தி நாளடைவில் எல்லாவித ஆட்டங்களுக்கும் சமமாகப் பங்காகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. ஊரெல்லாம் சுற்றிவிட்டு, புறப்பட்ட வாசலுக்கே சக்தி கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பி வந்து நின்றது! பௌதிகத்தில் ஒரு பெரிய கிளையே இந்த ஆச்சரியத்திலிருந்து முளைத்தது.

அந்தக் கணக்கை யந்திரத்துக்குப் புரியும் பாஷையில் எழுதி, அதை ஓட்டியவர் மேரி ட்ஸிங்கூ. 1928-ல் மில்வாக்கியில் பிறந்தவர், கிரேக்கக் குடும்பம். 1952-ல் வேலைக்குச் சேர்ந்தார். இன்று இருப்பதுபோல நாலு பொத்தானைத் தட்டினால் ஓடுகிற காலம் அல்ல. எந்த எண் யந்திரத்தின் எந்த அறையில் உட்கார வேண்டும், அடுத்தது எங்கே போக வேண்டும் என்று ஒவ்வோர் அடியாக மனிதர் வகுத்துக் கொடுக்க வேண்டும். ஓர் அடி பிசகினால் விடை குப்பை. 1954 நவம்பரில் ஃபெர்மி காலமாகிவிட்டார். 1955-ல் அறிக்கை வந்தது. அதன் முகப்பில், வேலை செய்தவர்கள் என்று நான்கு பெயர்கள். எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள். உள்ளே, திறமையாகப் புரோகிராம் எழுதி யந்திரத்தை ஓட்டியதற்காகச் செல்வி ட்ஸிங்கூவுக்கு ஒரு நன்றி. அவ்வளவுதான். மூன்று பெயர்கள் பாடப்புத்தகத்துக்குப் போயின. நான்காவது பெயர் ஐம்பது வருஷங்களுக்கு மேல் அந்த நன்றியிலேயே கிடந்தது. 2008-ல் தியெரி டோஸ்வா என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை எடுத்துப் பேசி, நாலாவது பெயரையும் சேர்த்து அழைக்க வேண்டும் என்று எழுதினார். அந்த அம்மாள் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைப் படித்த பேராசிரியர் நண்பர் ஒருவர் என்னிடம், "யார் செய்தால் என்ன? உண்மை உண்மைதான். விஞ்ஞானத்தில் பெயராசை கூடாது" என்றார். பெரிய மனசு! ஆனால் ஒன்று கேட்கிறேன். பெயராசை கூடாது என்றால் ஃபெர்மியின் பெயர் மட்டும் ஏன்? அவருக்கு 1938-லேயே நோபல் பரிசு வந்துவிட்டதே. பெயரே வேண்டாம் என்ற உயர்ந்த உபதேசம் எப்போதும் பெயர் கிடைக்காதவர்களுக்குத்தான் செய்யப்படுகிறது. கம்ப்யூட்டர் என்ற சொல்லே ஒரு காலத்தில் உத்தியோகத்தின் பெயர். உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆள் என்று அர்த்தம். அந்த ஆட்களில் ஏராளமானோர் பெண்கள். அவர்களுடைய வேலை யந்திரத்துக்குப் போயிற்று. வேலையின் பெயரையும் யந்திரமே எடுத்துக்கொண்டது. புகழையும் அதற்கே தாரை வார்ப்பானேன்?

புகழ் போனால் ஒருவருக்கு மனக்கஷ்டம். அத்தோடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். புகழை யந்திரத்துக்குக் கொடுக்கிற கை, பழியையும் அங்கேயே கொண்டுபோய்ப் போடுகிறது. அதுதான் எனக்குக் கவலை. வில்ஸனுக்கு இது தெரிந்திருந்தது. கட்டடக் கணக்குக்காக 1970-ல் அவர் வெளியிட்ட புரோகிராமுக்கு 'ஸாப்' என்று பெயர் வைத்தார். அமெரிக்கக் கொச்சையில் அதற்கு அசடு, ஏமாளி என்று பொருள். இதற்குப் புத்தி கிடையாது, பொறுப்பு உன்னுடையது என்று உபயோகிக்கிறவனுக்கு நினைவூட்டத்தான் அந்தப் பெயர் என்று அவரே எழுதியிருக்கிறார். சொந்தக் குழந்தைக்கு மூடன் என்று பெயர் வைக்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? அந்த வம்சத்துப் புரோகிராம்களில் நம் சென்னைப் பொறியாளர்களும் கணக்குப் போடுகிறார்கள். பெயரின் அர்த்தம் அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதோ!

நார்வேயில் இருந்தவர்கள் உபயோகித்தது வேறொரு புரோகிராம். கடலில் எரிவாயு எடுக்கும் மேடை ஒன்றுக்காகப் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் கட்டினார்கள். ஸ்லைப்னர் என்று பெயர். 1991 ஆகஸ்ட் 23-ந் தேதி ஸ்டாவாங்கர் பக்கத்து நீரிணையில் அதை நீருக்குள் இறக்கிப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சுவர் பிளந்தது. தண்ணீர் புகுந்த வேகத்துக்குப் பம்புகள் ஈடுகொடுக்கவில்லை. அடித்தளம் முழுவதும் மூழ்கி, அடியில் மோதி நொறுங்கியபோது பூகம்பமானி 3.0 என்று காட்டிற்று. தெய்வாதீனமாக ஓர் உயிரும் போகவில்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

காரணம் என்ன? சுவர்கள் கூடுகிற முக்கியமான மூலைகளில் பாத்திகளைப் பெரிதாகவும் கோணலாகவும் வெட்டியிருந்தார்கள். அதனால் அங்கே வெட்டு விசை உள்ளதைவிட 47 சதவிகிதம் குறைவாகக் காட்டிற்று. அதை நம்பிக் கம்பியும் போதாமல் வைத்தார்கள். பின்னால் கவனமாகக் கணக்குப் போட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடைய வேண்டும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். வித்தையில் குற்றமில்லை, கட்டம் போட்ட கையிலும், வந்த விடையைத் தட்டிக் கேட்காத கண்ணிலும்தான் குற்றம். இன்றைக்கும் 'கம்ப்யூட்டர் பிழைகள்' என்று பட்டியல் போடுகிறவர்கள் ஸ்லைப்னரை அதில் சேர்க்கிறார்கள். அது என்ன செய்யும், பாவம்? கேட்ட கேள்விக்கு விடை சொல்லிற்று.

மூழ்கிய பிறகு அந்தக் கம்பெனிக்காரர்கள் செய்ததைப் பாருங்கள். புது அடித்தளத்தை அவசரமாகக் கட்டியாக வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கைத் திருத்திச் சரிபார்க்க நாளாகும். ஆகவே கம்ப்யூட்டருக்கு முந்திய காலத்து முறையில், கையால் கணக்குப் போடுவது என்று முடிவு செய்தார்கள். பொறியாளர்கள் ஒவ்வொரு சுவராக எடுத்துக்கொண்டு, எண்ணை எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்கள். 1993-ல் அந்த அடித்தளம் மேடையைச் சுமந்துகொண்டு வட கடலில் நின்றது.