ஒரு மணி நேரப் பயணம், ஐந்து மணி நேர வழி

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும் "ஒரு மணி நேரம்" என்பார்கள். டிக்கெட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தால்தான், பறப்பதா, காரை எடுப்பதா என்று முடிவு செய்ய முடியும்.

கேஎல்ஐஏவிலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 325 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அந்தக் கணக்குப்படி 25 நிமிடம் போதும். ஆனால் டிக்கெட்டில் இருப்பது, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக வேகக் கட்டுப்பாடும் உண்டு. முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

அதனால்தான் சுபாங்கிலிருந்து போகும் ஏடிஆர் காற்றாடி விமானம், ஜெட்டைவிட மெதுவானதாக இருந்தும், சுமார் 280 கிலோமீட்டரை அதே ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் பக்கம் இருப்பவர்களுக்குச் சுபாங் மிச்சப்படுத்துவது சாலையில் போகும் நேரத்தை.

இப்போது வாசலுக்கு வாசல் கணக்கிடுங்கள். செந்தூலில் வீடு, புக்கிட் மெர்தாஜாமில் அம்மா. கேஎல்ஐஏவுக்கு ஒரு மணி நேரம். அங்கே ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. பயணம் ஒரு மணி. பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. பாயான் லெப்பாஸ் தீவில் இருப்பதால், பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வர இன்னும் முக்கால் மணி. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! காரில் நாலு, நாலரை மணி. இடிஎஸ் ரயிலோ கேஎல் சென்ட்ரலிலிருந்து சுமார் நாலு மணி நேரத்தில் புக்கிட் மெர்தாஜாமிலேயே இறக்கிவிடும். ஜார்ஜ்டவுனுக்கோ பாயான் லெப்பாஸுக்கோ கைப்பையோடு தனியாகப் போகிறவருக்குத்தான் விமானம் உண்மையில் லாபம்.

இந்தக் கணக்கு அவசர நேரத்தில் இன்னும் முக்கியம். ஒரு முறை இரவு பதினோரு மணிக்குத் தங்கை அழைத்தாள். அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், காலையில் அறுவை சிகிச்சை. அண்ணன் உடனே முதல் விமானத்துக்கு டிக்கெட் தேடினார். அதில் போனால் நாங்கள் போய்ச் சேர ஒன்பது மணியாகிவிடும். "கார்தான் அண்ணே" என்றேன். மாறி மாறி ஓட்டினோம். ஈப்போவில் நிறுத்தி, முகம் கழுவி, காப்பி குடித்தோம். விடியுமுன் போய்விட்டோம். அறுவை அறைக்குள் போகுமுன் அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்துப் பேசினார். தனியாக இருந்திருந்தால் அந்த இரவில் நான் காரை எடுத்திருக்க மாட்டேன்; காலை விமானத்துக்கே காத்திருப்பேன்.

பெற்றோர் வடக்கே இருப்பவர்கள் கைப்பேசியில் மூன்று விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி விமானம் எத்தனை மணிக்கு, முதல் ரயில் எத்தனை மணிக்கு, நடு இரவில் உங்களோடு சேர்ந்து கார் ஓட்ட யார் வருவார். அட்டவணை மாறும் என்பதால், தீபாவளிக்கு டிக்கெட் வாங்கும்போது ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.