அடைக்கோழி ஏன் எழும்புகிறது?

அடை வைத்து இரண்டு கிழமை கடந்தபின் முட்டையை விட்டு எழும்புகிற கோழிக்கு எங்கள் ஊர்களில் நல்ல பெயர் கிடைப்பதில்லை. ராசியில்லாத பேடு என்று சொல்லி, அடுத்த விருந்தாளி வருகிற நாளில் அதைச் சட்டிக்குள் போட்டுவிடுவோம். அந்தக் கோழியின் மேல் பழியைப் போட முன்னம், அது படுத்திருந்த கடகத்தை வெயிலுக்குக் கொண்டுவந்து ஒரு வெள்ளைத் துணியின் மேல் தட்டிப் பாருங்கள். வைக்கோலுக்கு அடியிலிருந்தும் ஓலைப் பின்னலின் மடிப்புகளிலிருந்தும் சாம்பல் நிறத்தில் தூசி மாதிரி ஒன்று கொட்டும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அந்தத் தூசி நடக்கும். விரலால் நசுக்கினால் சிவப்பாகக் கறை படும். அது கோழியின் இரத்தம்.

இருபத்தொரு நாள் ஒரே இடத்தில் அசையாமல், தீனுக்கும் தண்ணிக்கும் மட்டும் எழும்பிப் படுக்கிற உயிர் அடைக்கோழி. அந்த நடக்கிற தூசியான செள்ளுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. சூடு உண்டு, இருட்டு உண்டு, இரத்தம் உண்டு. நல்ல வெக்கையில் ஒரு கிழமை, பத்து நாளுக்குள் முட்டை பொரித்து, வளர்ந்து, அடுத்த முட்டையை இடுகிற பூச்சி இது. ஆக, ஒரு அடை முடிய முன்னம் இரண்டு மூன்று தலைமுறை பெருகிவிடும். கோழி எழும்புவது கூடாத குணத்தால் அல்ல, அதற்குமேல் தாங்க ஏலாமல்தான். தாங்கிக்கொண்டு படுத்திருக்கிற கோழியோ கொண்டை வெளிறி, எடை குறைந்து, சில நேரம் முட்டைக்கு மேலேயே செத்துக் கிடக்கும். பொரித்த குஞ்சின் நிலைமை இன்னும் பரிதாபம். அந்தச் சின்ன உடம்பில் எவ்வளவு இரத்தம்தான் இருக்கும்?

செள் என்று பொதுவாகச் சொன்னாலும் வேறுவேறு பழக்கமுள்ள பூச்சிகள் இவை. பகலில் பலகை வெடிப்பிலும் கொப்பின் பட்டைக்குள்ளும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் இறங்கி வந்து குடித்துவிட்டு விடிய முன்னம் திரும்பிப் போகிற சாதி ஒன்று. பகலில் கோழியை எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அது அகப்படாது. வெப்ப நாடுகளில் அதிகம் காணப்படுகிற இன்னொன்று கோழியின் உடம்பிலேயே, பின்பக்க இறகுகளின் அடியில் குடியிருக்கும். அந்த இடத்து இறகு கறுத்து அழுக்குப் பிடித்ததுபோலத் தெரியும். இது முட்டையைக் கூட்டிலும் இடும். குருவி, மைனா, புறா மூலமும் வளவுக்குள் வந்து சேரும். கால் செதிள்களுக்கு அடியில் புகுந்து காலைத் தடிப்பேற்றிச் சொரசொரப்பாக்குவது மூன்றாவது. அதற்குக் காலைச் சவர்க்காரத் தண்ணியில் ஊறவைத்துக் கழுவி, தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ பல நாள் விடாமல் பூசினால் மூச்சு அடைபட்டுச் சாகும். மண்ணெண்ணெய் பூசுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். தோல் வெந்துபோகும்.

போன மாதம் விசுவமடுப் பக்கம் போனபோது, பழக்கமான அக்கா ஒருவர் கூப்பிட்டுத் தன் கோழிக்கூட்டைக் காட்டினார். தகரமும் பலகையும் கம்பிவலையும் சேர்த்து அடித்த கூடு. இருட்டுப்படுகிற நேரம் கையை உள்ளே விட்டேன். முழங்கை வரைக்கும் ஊர்ந்தது.

"வயலுக்கு அடிச்ச மருந்து போத்தலில கொஞ்சம் கிடக்குது தம்பி. தண்ணியில கலந்து கோழியை முக்கி எடுத்தா என்ன?"

"முட்டையை ஆர் சாப்பிடுறது அக்கா?"

"பேரப்பிள்ளையள்தான். மிஞ்சினா கடைக்குக் குடுப்பன்."

எங்கள் வளவுகளில் நான் அதிகம் பயப்படுவது இந்தப் போத்தலுக்குத்தான். 2017 ஓகஸ்டில் ஐரோப்பா முழுவதும் முட்டையால் கலங்கிய செய்தி சிலருக்கு நினைவிருக்கும். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப் பண்ணைகளில் செள் ஒழிக்க அடித்த மருந்துக்குள் பிப்ரோனில் கலந்திருந்தது. ஆசிய நாடுகளில் நெல் வயலுக்கும் அடிக்கிற பூச்சிகொல்லி அது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளில் அதைப் பாவிக்க ஐரோப்பாவில் தடை. மருந்து கோழியின் தோலுக்குள்ளால் கொழுப்புக்குப் போய், அங்கிருந்து முட்டைக்குள் இறங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட பண்ணைகளை மூடினார்கள், இலட்சக்கணக்கில் முட்டைகளை அழித்தார்கள். அந்த நாடுகளில் முட்டையைப் பரிசோதிக்க ஆய்வுகூடம் இருந்தபடியால் விசயம் வெளியே வந்தது. எங்கள் வளவுக் கோழி இடுகிற முட்டையை எவரும் பரிசோதிப்பதில்லை. அது நேரே பிள்ளையின் கோப்பைக்குப் போகிறது.

அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: இரவில் இறங்குகிற இந்தச் செள் குடியிருப்பது கூட்டில், கோழியில் அதற்குச் சாப்பாடு மட்டும்தான். கோழியை எதில் முக்கி எடுத்தாலும், அன்று இரவு அதே பலகை வெடிப்பிலிருந்து பழையபடி இறங்கி வரும். குளிர்நாடுகளில் இரத்தமே இல்லாமல் ஏழெட்டு மாதம் உயிரோடு கிடந்திருக்கிறது. எங்கள் வெக்கையில் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்காது. என்றாலும், கூட்டை இரண்டு நாள் வெறுமையாக விட்டால் போதுமென்று நினைக்கக் கூடாது.

முந்தி எங்கள் கோழிகளில் பாதி மாமரத்திலும் முருங்கையிலும் ஏறிப் படுத்தவை. மரநாய்க்கும் பாம்புக்கும் பயந்துதான் கூட்டுக்குள் அடைக்கத் தொடங்கினோம். 2009இல் போர் முடிந்த பிறகு மெனிக் பாமிலிருந்தும் மற்ற முகாம்களிலிருந்தும் திரும்பி வந்து, வெறும் நிலத்தில் தகரம் போட்டு இருந்த காலத்தில், பல குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சும் கூடும் கிடைத்தன. ஆண் துணையில்லாத வீடுகளில் கொப்பிக்கும் பஸ்ஸுக்கும் அந்த முட்டைக் காசுதான் உதவியது. 2022 பொருளாதார நெருக்கடியில் முட்டை எட்டாத விலைக்குப் போய், 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டி வந்த நேரத்தில், வளவில் நாலு பேடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் முட்டை சாப்பிட்டார்கள். இந்தப் பெண்களின் கையிருப்பைத்தான் செள் இரவிரவாகக் குடிக்கிறது. அம்மைக்கும் ராணிக்கட்டுக்கும் தடுப்பூசி உண்டு, அதைப் பற்றிக் கூட்டம் வைத்துச் சொல்லவும் ஆள் உண்டு. செள்ளைப் பற்றி எவரும் கூட்டம் வைப்பதில்லை. மிருக வைத்தியர் ஊருக்குள் வரும்போது மாட்டைக் காட்டுகிறோம், ஆட்டைக் காட்டுகிறோம். அடைக் கடகத்தைக் கொண்டுபோய்க் காட்டுகிறவர்களை நான் இதுவரை காணவில்லை. காட்ட வேண்டும். கோழிக்கென்று அனுமதித்த மருந்து எது, அடித்தால் எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும், மருந்துக் கடைக்காரரிடம் அல்ல.

மருந்துக்கு முன்னம் செய்யக் கூடியது நிறைய உண்டு. கூட்டிலுள்ள எச்சம், வைக்கோல் எல்லாவற்றையும் வழித்து எரித்துவிட்டு, பலகை வெடிப்பு, ஆணி அடித்த மூலை, படுக்கிற கொப்பின் இரண்டு முனை ஆகிய இடங்களில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊற்றுங்கள். சூட்டுக்கு இந்தப் பூச்சி நிற்காது. ஆனால் வெடிப்பின் அடியில் கிடக்கிற முட்டை தப்பிவிடும். அதனால்தான் ஒருமுறை கழுவிவிட்டு "ஒண்டும் சரிவரேல்லை" என்று கைவிடுகிறார்கள். ஐந்தாறு நாளில் இரண்டாந்தரம், பிறகு மூன்றாந்தரம் ஊற்ற வேண்டும். காய்ந்தபின் வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைக்கலாம். கொப்பைக் கழற்றி எடுக்கக் கூடியதாக வைத்தால் பாதி வேலை மிச்சம். நெளிவு மட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி இரவில் கொப்பின் முனையில் கட்டிவிட்டால், குடித்துவிட்டுத் திரும்புகிற செள் அதன் துளைகளுக்குள் போய் ஒளியும். விடியக் கழற்றி அடுப்பில் போட்டுவிடலாம்.

கோழி மண்ணில் புரள்வதை விளையாட்டென்று நினைத்து விரட்டாதீர்கள். அதன் குளிப்பு அதுதான். கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் புரளும் மண்ணில் வேறுவேறு தூள்களைக் கலந்து பார்த்தபோது, உடம்பில் குடியிருக்கிற செள்ளுக்கும் பேனுக்கும் மிக நன்றாக வேலை செய்தது கந்தகத் தூள். எங்களிடம் இன்னொன்று மலிவாகக் கிடைக்கிறது. நெல் ஆலைகளில் குவிந்து கிடக்கிற உமியை எரித்தால் வருகிற சாம்பலில் பெரும் பங்கு சிலிக்கா. பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகை உறிஞ்சி அதைக் காயவைத்துக் கொல்ல ஐரோப்பியப் பண்ணைகளில் சிலிக்காத் தூள்தான் தூவுகிறார்கள். ஒரு பழைய ரயருக்குள் மணலும் உமிச்சாம்பலும் போட்டு மழை படாமல் கூரையின் கீழ் வையுங்கள். தூவும்போது மூக்கை மட்டும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல.

அடைக் கடகத்துக்குள் நொச்சியும் வேப்பிலையும் போடுகிற பழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. அம்மம்மா புகையிலைக் காம்பும் போடுவார். மெக்சிக்கோ நகரத்துக் குருவிகள் சிகரெட் அடிக்கட்டைகளைக் கொண்டுவந்து கூடு கட்டுவதையும், அந்தக் கூடுகளில் செள் குறைவதையும் 2012இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். பிறகு பார்த்ததில், அந்த அடிக்கட்டைகளின் நஞ்சு குஞ்சுகளின் இரத்த அணுக்களையும் பாதிப்பது தெரிந்தது. ஆகவே அம்மம்மாவின் காம்பை நான் கடகத்தின் அடியோடு நிறுத்திக்கொள்வேன், முட்டைக்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன். அதைவிடப் பிரயோசனமானது கடகத்தை மாற்றுவது. பத்தாம் நாளளவில் கோழி தீனுக்கு எழும்புகிற நேரம் பார்த்து, முட்டைகளைப் புது மணலும் புது வைக்கோலும் போட்ட வேறொரு கடகத்துக்கு மாற்றி, அதே இடத்தில் வையுங்கள். பழைய வைக்கோலை உடனே எரித்துவிடுங்கள்.

செள்ளுக்கு ஈரலிப்புப் பிடிக்கும். ஐப்பசி மழை தொடங்கினால் கோழிகள் பகலிலும் கூட்டுக்குள் ஒதுங்கும், பலகை காயாது, கொதிதண்ணி ஊற்றவும் வழியிருக்காது. சோளகம் வீசி வெயில் எரிக்கிற ஆவணி, புரட்டாதியிலேயே கூட்டைக் கழற்றி வெளியே போட்டு மூன்று தரமும் ஊற்றி முடித்துவிடுங்கள். அதுவரைக்கும், எந்தப் பேடு கத்தினாலும், அடை வைப்பதைக் கொஞ்சம் பிந்திப் போடுங்கள்.