வல்லாரையும் குறுக்கெழுத்தும் போதுமா சாமி?

மக்களே, இது கொஞ்சம் சூடான பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க :-)

"மறதி நோய் வராம இருக்க தினமும் குறுக்கெழுத்து போடுங்க, வல்லாரை சாப்பிடுங்க, புது மொழி கத்துக்குங்க..." வாட்ஸப்பைத் திறந்தா இதுதான். நம்ம பதிவர்களும் இதையே பத்து டிப்ஸா எழுதித் தள்றாங்க. என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஆயா எந்தக் கட்டத்துல எந்த எழுத்தைப் போடும்?

நான் இருக்கிறது உத்திரமேரூர் பக்கம். இங்கே எழுபது தாண்டின பொம்பளைங்க பல பேருக்குக் கையெழுத்துன்னா கைநாட்டுதான். சோம்பேறித்தனமா? 1951 கணக்கெடுப்புல எழுதப் படிக்கத் தெரிஞ்ச இந்தியப் பெண்கள் நூத்துக்கு ஒன்பது பேர்கூட இல்லை. தம்பி பள்ளிக்கூடம் போனான், அக்கா கழனிக்குப் போச்சு. அவ்வளவுதான் கதை.

2024-இல் லான்செட் ஆணையம் 14 காரணங்களைப் பட்டியல் போட்டுச்சு. எல்லாத்தையும் சரி பண்ணினா உலகத்துல 45 சதவீத மறதி நோயைத் தடுக்கலாம், இல்லேன்னா தள்ளிப்போடலாம்னு சொல்லுது. சின்ன வயசுல படிப்பு கிடைக்காதது, காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தனிமை, காற்று மாசு எல்லாம் அதுல இருக்கு. "புகை, குடி, உடற்பயிற்சியும் இருக்கே"ன்னு பின்னூட்டத்துல வருவீங்க. இருக்கு, மறுக்கலை. ஆனா நாள் முழுக்கக் குனிஞ்சு நடவு நட்ட உடம்பை வாக்கிங் போகச் சொல்ல உங்களுக்கே கூச்சமா இல்லையா?

கிராமம்னா சுத்தமான காத்து, கம்பங்கூழ், டென்ஷன் இல்லாத வாழ்க்கைன்னு கவிதை எழுதறவங்க இதையும் படிங்க. 2023-இல் வந்த தேசிய அளவிலான ஆய்வுப்படி 60 வயசு தாண்டினவங்கள்ல மறதி நோய் நகரத்துல 5.3 சதவீதம், கிராமத்துல 8.4. ஆண்கள்ல 5.8, பெண்கள்ல 9. படிப்பு குறைஞ்சவங்ககிட்டதான் அதிகம்.

இதுக்கு அர்த்தம் படிக்காதவங்க மக்குங்கறது இல்லை. சின்ன வயசுப் படிப்பு மூளைக்கு ஒரு சேமிப்பு. நோய் வந்தாலும் அந்தக் கையிருப்பு சில வருஷம் தாங்கும். சேமிக்கவே விடாம பண்ணிட்டு, கடைசியில கணக்குல பணம் இல்லையேன்னு திட்டறோம். சோதனையும் அப்படித்தான். நூறுலேர்ந்து ஏழு ஏழா கழி, ஒரு வாக்கியம் எழுதுன்னா, நோயே இல்லாத ஆயாவும் ஃபெயில்தான். சென்னையிலும் வேலூர் கிராமங்கள்லயும் ஆய்வு பண்ணின 10/66 குழு, படிப்பு குறுக்கே வராத மாதிரி தனி முறையே உருவாக்க வேண்டியிருந்துச்சு.

எங்க ஊர்னாலே குடவோலை, பராந்தக சோழன்னு பெருமை பேசுவீங்க. கி.பி. 921 கல்வெட்டுல தகுதி என்னன்னு பார்த்தீங்களா? வரி கட்டற கால் வேலி நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு. அன்னிக்கு சபைக்குள்ள யார் உட்காரலாம்னு தீர்மானிச்சது நிலம், வீடு, படிப்பு. இன்னிக்கு யார் மூளை கடைசிவரை தெளிவா இருக்கும்கறதுலயும் அதுங்களுக்குப் பங்கு இருக்கு.

எங்க தெருவுல ஒரு ஆயா, வழி தெரியாம ஏரிக்கரையில நிக்கும். "கிழவிக்கு நடிப்பு"ங்கறாங்க. பார்த்துக்க ஆள் வேணும்னு பேத்தியைப் பத்தாவதோட நிறுத்திட்டாங்க. அறுபது வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணுக்கு என்ன டிப்ஸ் கொடுப்பீங்க?

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போன 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்துச்சு. அதுதான் சரியான வழி. அதே திண்ணையில உட்கார்ந்து காது, கண்ணு, ஞாபகம் மூணையும் பார்க்கணும். காது மெஷின் கொடுக்கணும். முக்கியமா அந்தப் பேத்தி திரும்பப் பள்ளிக்கூடம் போகணும்.

டிஸ்கி: வல்லாரை துவையலுக்கு நான் எதிரி இல்லை. ரெண்டு கரண்டி கூடவே சாப்பிடுவேன். அதை வெச்சு அறுபது வருஷ அநியாயத்தை மூடாதீங்க, அவ்வளவுதான்.