அக்கா சொன்ன கணக்கு

லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் அக்கா ஒருவர் சென்னைக்குக் கல்யாணமொன்றுக்குப் போய்த் திரும்பியிருந்தார். "தம்பி, இந்தியாவிலே சனம் மெலிவு எண்டு பேப்பரிலே எழுதுறியள். மண்டபத்திலே பார்த்தால் எங்கட ஆக்களைவிட அவையள்தான் பருமன்" என்றார். பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? புள்ளிவிபரங்களைத் தேடினேன்.

முதற்பார்வையில் அக்கா தோற்றுப்போனார். இந்தியாவின் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையான பெண்களில் அதிக எடை கொண்டோர் 24 சதவீதம். இலங்கையின் 2016 ஆய்வில் அது ஏறக்குறைய 45. இரு எண்களையும் அருகருகே அச்சிட்டுக் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டுவிடலாம். என் தொழிலில் அதைத்தான் செய்து வந்திருக்கிறோம், நான் உட்பட.

ஆனால் இலங்கை ஆய்வு மணமான பெண்களை மட்டுமே அளந்தது. இந்திய ஆய்விலோ மணமாகாத இளம்பெண்களும் உண்டு. இளவயதில் எடை குறைவாகவே இருக்கும். ஆகவே இடைவெளியின் ஒரு பங்கு அளவுகோலால் வந்தது. அத்துடன், இந்தியாவை ஒரே எண்ணில் அடக்க முடியாது. பீகாரில் ஏறத்தாழ 16 சதவீதம், தமிழ்நாட்டில் 40.4. அதே தமிழ்நாட்டில் 2015-16இல் அது 30.9 ஆக இருந்தது. எடையைப் பொறுத்தவரை எங்கள் அயல்நாடு பீகாரன்று, தமிழ்நாடே.

எங்கள் பக்கக் கதை சோற்றோடும் மாவோடும் சீனியோடும் தொடர்புடையது. கோதுமை விளையாத இந்நாட்டில், துறைமுகத்தின் அக்கரையில், சீனக்குடாவில், 1980 முதல் பெரிய மா ஆலை இயங்குகிறது. ஆலையைக் குறை சொல்லவில்லை. காலையில் பாண், இரவில் கொத்துரொட்டி, இடையில் நாலு முறை சீனித் தேநீர். சந்திக் கடைக்கும் ஓட்டோ. இது நாமே தேடிக்கொண்டது.

2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது, இனிச் சனம் மெலியும் என்றார் ஒரு நண்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை ஏறினால் தட்டிலிருந்து முதலில் மறைவது மீன், முட்டை, பருப்பு. சோறும் பாணும் கடைசிவரை நிற்கும். பருமனைப் பணக்கார நோய் என்று எண்ணி, "நடவுங்கள்" என்று மட்டும் ஏழைக்கு உபதேசிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. துறைமுக நகரில் மீன் மலிவாகக் கிடைக்க வழி செய்யட்டும் முதலில்.

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். "அப்ப நான் சொன்னது சரிதானே?"

"பாதி சரி அக்கா."

அவர் தந்த தேநீரில் மூன்று கரண்டி சீனி இருந்தது.