துப்பாக்கி நிழலில் ஓட்டுப்பெட்டி

மக்களே ஓட்டுப் போட்டுவிட்டார்கள், இனி என்ன பேச்சு என்கிறார்கள். போட்டார்கள், சரி. வேண்டாம் என்று போட அவர்களுக்கு வழி இருந்ததா? நாம் கேட்பது அதைத்தான்.

2022 செப்டம்பரில் உக்ரேனின் நான்கு மாகாணங்களில், ரஷ்யப் படை பிடித்த பகுதிகளில், வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது. வீடு வீடாகப் பெட்டி வந்தது. கூடவே ஆயுதம் தாங்கியவர்களும் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் இணைப்பும் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 143 நாடுகள் அது செல்லாது என்றன. 5 நாடுகள் மறுத்தன. 35 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று.

ஊராரைக் குறை சொல்லுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 1975 ஏப்ரல் 9 அன்று சிக்கிம் அரண்மனைக் காவலரின் ஆயுதங்களை இந்திய ராணுவம் பறித்தது. மறுநாள் அங்கே சட்டசபைத் தீர்மானம். 14ஆம் தேதி வாக்கெடுப்பு. ஐந்தே நாள்! மன்னராட்சி ஒழிவதும் இந்தியாவோடு இணைவதும் ஒரே கேள்வி. மன்னர் வேண்டாம், ஆனால் சிக்கிம் தனியே இருக்கட்டும் என்றவர் எந்தப் பக்கம் போடுவார்? ஆதரவு 59,637, எதிர்ப்பு 1,496.

மன்னர்மீது மக்களுக்கு வெறுப்பு இருந்தது மெய். 1974 தேர்தலில் சிக்கிம் காங்கிரஸ் 32இல் 31 இடங்களை வென்றது. ராணுவமில்லாமல், நிதானமாகக் கேட்டிருந்தாலும் பெரும்பான்மையோர் இணைப்பையே விரும்பியிருக்கலாம். ஆனால் அப்படிக் கேட்கவில்லையே! அந்த இணைப்பு தவறு என்று 1978இல் பிரதமர் மொரார்ஜி தேசாயே சொல்ல நேர்ந்தது. துப்பாக்கி நிழலில் விழும் ஓட்டு, மக்களின் மெய்யான விருப்பத்துக்கும் கறை பூசிவிடுகிறது.

தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்கத் தேர்தலுக்கு முதலாளியின் அறையில் பெட்டி வைத்து, பக்கத்தில் மேஸ்திரியை நிறுத்தினால், நூற்றுக்கு நூறு விழுந்தாலும் அதைத் தேர்தல் என்போமா?

ஈழத்தமிழரிடையே பொதுவாக்கெடுப்பு நடத்தக் கோரி 2013 மார்ச் 27இல் தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் போட்டது. இங்கே மல்லேஸ்வரத்திலும் நம்மவர் கேட்பது அதையே. நாளை கொழும்பு அரசு, வடக்கு கிழக்கில் படைமுகாம்களை வைத்துக்கொண்டே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, தமிழர் சம்மதித்துவிட்டார்கள் என்றால் ஏற்போமா? மாட்டோம். முதலில் படை விலக வேண்டும். ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்ப வேண்டும். கேள்வியை நடுநிலையாளர் எழுத வேண்டும். பிறகுதான் பெட்டி வர வேண்டும் என்போம்.

அதே நியாயம் உக்ரேனியருக்கும் உண்டு, சிக்கிம் மக்களுக்கும் உண்டு. நமக்கொரு படி, பிறருக்கொரு படி என்று அளந்தால், நாளை நம் கோரிக்கையை எவன் மதிப்பான்?