பதில் வராத விண்ணப்பங்கள்

பட்டப்படிப்பை முடித்து வீடு திரும்பிய எமது இளைஞர், யுவதிகள் ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் ஞாயிறு பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களையும் பார்த்துக் காத்திருந்தனர். இன்று கையடக்கத் தொலைபேசியின் திரையைப் பார்த்துக் காத்திருக்கின்றனர். வழி மாறியுள்ளதே தவிர, காத்திருப்பு குறைந்தபாடில்லை.

2017 ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் அரச நியமனம் கோரி மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் அரச வேலையை மட்டும் நம்பியிருப்பது மேலும் கடினமாகியது. ஆகவே வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் உள்ள பிள்ளைகள் இணையத்தின் ஊடாகக் கொழும்பு நிறுவனங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றனர். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வருவதில்லை.

இந்த மௌனமே அவர்களை உருக்குலைக்கின்றது. 'எமக்குத் தகுதியில்லை' என்று அவர்கள் எண்ணத் தலைப்படுகின்றனர். உண்மை அதுவல்ல. விண்ணப்பிப்பது இலகுவாகிவிட்டதால் ஒரு வெற்றிடத்திற்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கின்றனர். பல நிறுவனங்களில் முதற்கட்டத் தெரிவைக் கணினி மென்பொருளே செய்கின்றது. விளம்பரத்தில் கோரப்பட்ட தகைமைச் சொற்கள் சுயவிபரக்கோவையில் இல்லாவிடின் அது மனிதர் ஒருவரின் கண்ணிற்கு எட்டாமலேயே போகக்கூடும். ஒரே சுயவிபரக்கோவையை ஐம்பது இடங்களுக்கு அனுப்புவதிலும் பார்க்க, ஐந்து இடங்களுக்கு அவ்வவ் வேலைக்கேற்பத் திருத்தி அனுப்புவது பயன்தரும். பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தர்களிடம் ஆலோசனை பெறலாம் என்பதை அறியாதோரும் எம்மிடையே உள்ளனர். காத்திருக்கும் மாதங்களில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுக்கொள்வதும் வீண்போகாது. பட்டம் பெற்றவருக்கு அது கௌரவக் குறைவென எண்ணும் பழக்கம் எம்மவரிடம் இன்னமும் இருப்பதுதான் வேதனை.

பொறுமை இழந்தோரைத் தேடித் திரிவோரும் உள்ளனர். தாய்லாந்திலும் டுபாயிலும் கணினித்துறை வேலை என்று இணையத்தில் ஆசைகாட்டப்பட்டுச் சென்ற இலங்கையர் பலர், மியன்மாரின் மியாவதிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் சிக்கித் தவித்து 2024 ஆம் ஆண்டில் மீட்கப்பட்டனர். அத்தகைய விளம்பரங்களுக்கு மாத்திரம் பதில் உடனே வந்துவிடுகின்றது! நேர்முகப் பரீட்சை இன்றி வேலை, சுற்றுலா விசாவில் பயணம், முற்பணம் ஆகிய மூன்றில் ஒன்று கோரப்பட்டாலும் விலகிக்கொள்ள வேண்டும். நகையை அடகுவைப்பதற்கு முன்னர், குறித்த முகவர் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டறிய முடியும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை கூறவேண்டியுள்ளது. 'இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா?' என்று நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி, பிள்ளையை முகவரின் வாசலுக்கே தள்ளிவிடுகின்றது. வீட்டிலிருந்தவாறே செய்யக்கூடிய தொழிலைத் தேடும் எமது யுவதிகளின் முயற்சியோ பொழுதுபோக்காகக் கருதப்பட்டு, மணப்பேச்சோடு நிறுத்தப்படுகின்றது.

தொழில் வழங்குநர்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. தெரிவாகாதவருக்கு இரண்டு வரிகளில் அதனை அறிவித்துவிடுங்கள். விண்ணப்பத்தை இணையத்தில் பெற்றுக்கொள்ளும் நிறுவனத்திற்கு அதற்கான செலவு ஏதுமில்லை. அந்த இரண்டு வரிகள் கிடைத்தால், அவர் மறுநாளே அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்குவார்.